கன்வெர்ட்டிபிள் கார்ல ரேடியோ ஆன்டெனா கேபிள கழட்டணுமா? இழுக்குறதுக்கு முன்னாடி இத படிச்சுடுங்க

ரெண்டு பக்கமும் கழட்டி விட்டுட்டு ஒரு முனைய புடிச்சு இழுத்தா மொத்த கேபிளும் வந்துடும்னு நினைச்சு தான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க, நானும் முதல் தடவ அப்படித்தான் ஆரம்பிச்சேன். டிக்கி பக்கம் நின்னு இழுத்தேன், ஒரு முழம் நல்லா வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு, சரி எங்கயோ லேசா மாட்டிருக்கு போலன்னு கொஞ்சம் பலமா இழுத்தேன், உள்ள எங்கயோ டப்புன்னு ஒரு சத்தம், கையில வந்தது வெறும் கறுப்பு தோலும் பிஞ்சு போன கம்பி வலையும் தான். பிளக்கும் மீதி கேபிளும் சீட் பெல்ட் சுருள் உக்காந்திருக்குற இரும்பு பட்டைக்கு பின்னாடி மாட்டிக்கிட்டு உள்ளயே நின்னுடுச்சு. அத எடுக்க சீட்ட கழட்டி, கார்பெட்ட தூக்கி, பக்கவாட்டு பேனல கழட்டின்னு ஒரு மதியம் முழுக்க போச்சு. முதல்லயே அந்த ஒரு பேனல கழட்டி பாத்திருந்தா கால் மணி நேர வேலை. அதனால தான் இத விலாவாரியா எழுதுறேன். கேபிள் எந்த வழியா போகுதுன்னு கண்டுபிடிச்சு, அது மாட்டிருக்குற ஒவ்வொரு இடத்துலயும் விடுவிச்சு விடணும், அந்த வேலைய ஒழுங்கா செஞ்சுட்டா கேபிள் தானா வழுக்கிட்டு வரும், பலமே தேவைப்படாது.

கூரை போட்ட சாதாரண கார்ல ஆன்டெனா கூரை மேலயோ பின் கண்ணாடியிலயோ இருக்கும், கேபிள் கூரைத் துணிக்கு மேல ஓடி தூண் வழியா கீழ இறங்கிடும். கன்வெர்ட்டிபிள்ல கூரையே மடங்குற துணி, பல பழைய மாடல்ல பின் கண்ணாடியும் வளையுற பிளாஸ்டிக் தான், அங்க எதையும் ஒட்ட முடியாது. அதனால பின் மட்கார்டு மேல ஒரு ஓட்டை போட்டு ஆன்டெனாவ நிறுத்திடுறாங்க, 1989ல வந்த முதல் மாஸ்டா மியாட்டாவும் அந்த வகை தான். அங்க இருந்து கேபிள் டிக்கிக்குள்ள இறங்கி, சீட்டுக்கு பின்னாடி இருக்குற தகர சுவத்த தாண்டி, கதவு படிக்கட்டு (கதவுக்கு கீழ நாம தாண்டி ஏறுற விளிம்பு) ஓரமாவோ இல்ல நடுவுல இருக்குற சுரங்கம் மாதிரி மேடு ஓரமாவோ முன்னாடி ஓடி டேஷ்போர்டுக்குள்ள ஏறும். முன் மட்கார்டுல ஆன்டெனா இருக்குற வண்டின்னா உங்க வேலை பாதிக்கு பாதி குறைஞ்சுது, சக்கரத்துக்கு மேல இருக்குற பிளாஸ்டிக் உறைய கழட்டினா அடிப்பக்கம் கைக்கு எட்டிடும். முன் கண்ணாடிக்குள்ளயே மெல்லிய கம்பியா பதிச்ச வகையும் உண்டு, டிக்கி மூடி இல்ல பம்பருக்கு உள்ள மறைச்சு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரோட வெச்ச வகையும் உண்டு. நான் இங்க சொல்லப் போறது பெரும்பாலும் பின் மட்கார்டு வகைக்கு, அது தான் ரொம்ப சிக்கல் பண்ற வகை.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், கேபிள் தான் கெட்டுப் போயிருக்கான்னு உறுதி பண்ணிக்கோங்க. ஸ்டேஷன் எடுக்கல, கரகரன்னு வருதுன்னா உடனே கேபிள் மேல பழி போட்டுடுறோம், ஆனா பாதி வண்டில பிரச்சன எங்க இருக்கும்னா ஆன்டெனா அடிப்பக்கம் பாடியோட சேர்ற இடத்துல. அங்க துரு ஏறி எர்த் கெடைக்கலன்னா ரேடியோல எஞ்சின் வேகத்துக்கு ஏத்த மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம் ஏறி இறங்கும், ஸ்டேஷன் பலவீனமா இருக்கும். மல்டிமீட்டர் இருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். ரேடியோவுல இருந்து பிளக்க உருவிட்டு, பிளக்கோட நடு ஊசியில ஒரு முனை, வெளிய ஆன்டெனா கம்பியில இன்னொரு முனை வெச்சு பாருங்க, சில ஓம்ஸுக்குள்ள காட்டணும். பிளக்கோட வெளி உலோகத்துக்கும் வண்டி பாடிக்கும் நடுவுல கிட்டத்தட்ட சைபர் காட்டணும். நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவுல எதுவுமே காட்டக்கூடாது, காட்டுச்சுன்னா உள்ள எங்கயோ ரெண்டும் ஒட்டுது, தண்ணி பூந்திருக்கலாம். மீட்டர புடிச்சுக்கிட்டே இன்னொருத்தர கேபிள லேசா ஆட்டச் சொல்லுங்க, நம்பர் குதிச்சா அந்த இடத்துல தான் உள்கம்பி விட்டிருக்கு. ஆம்ப்ளிஃபயர் வெச்ச ஆன்டெனாவுக்கு மட்டும் இந்த சோதனைய நம்பாதீங்க, உள்ள மின்பாகங்கள் இருக்குறதால மீட்டர் வேற மாதிரி காட்டும்.

மீட்டர் இல்லன்னா இன்னொரு வழி. சுமார் 75 சென்டிமீட்டர் வயர் எடுத்து, ஒரு முனைய சீவி, ரேடியோ பின்னாடி ஆன்டெனா ஓட்டையோட நடுவுல செருகி, வயர ஜன்னல் பக்கம் தொங்க விட்டு எஃப்எம் போட்டு பாருங்க. 88ல இருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குற எஃப்எம் அலைக்கு கால் அலை நீளம் ஏறக்குறைய அந்த அளவு தான், வண்டியில நீட்டி நிக்கிற கம்பியும் அதனால தான் அந்த நீளத்துல இருக்கு. வயர்ல ஸ்டேஷன் தெளிவா வந்துச்சுன்னா ரேடியோ நல்லா இருக்கு, குத்தம் கேபிள்லயோ ஆன்டெனாலயோ தான். வயர்லயும் வரலன்னா தயவுசெஞ்சு கேபிள தொடாதீங்க, ரேடியோவ பாருங்க.

இந்த கேபிள பத்தி ஒண்ணு தெரிஞ்சா நீங்களே அத மரியாதையா கையாளுவீங்க. பழைய கேபிள் ஒண்ண பிளேடால குறுக்க வெட்டி பாருங்க, வெளிய கறுப்பு தோல், அதுக்குள்ள செம்பு வலை, அதுக்குள்ள ஒரு காலியான பிளாஸ்டிக் குழாய், அந்த குழாய்க்குள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு கம்பி, நெளிநெளியா வளைச்சு விட்டிருப்பாங்க. சுத்தி இருக்குறது வெறும் காத்து தான், அது வேணும்னே விட்ட காத்து. ஏஎம் அலையோட நீளம் நூத்துக்கணக்கான மீட்டர், அதுக்கு முன்னாடி நம்ம கம்பி ரொம்ப சின்னது, கிடைக்கிற சிக்னல் துளியூண்டு, கேபிள்ல கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்த தனக்குள்ள தேக்கி வெச்சுக்குற குணம், அதிகமா இருந்தா அந்த துளியையும் அதுவே தின்னுடும். காத்து நிரப்புனா அது குறையும். அதனால தான் சிலர் கையில இருக்குற டிவி கேபிள வெட்டி மாட்டிட்டு எஃப்எம் நல்லா வருது ஏஎம் மட்டும் செத்துப் போச்சுன்னு புலம்புறாங்க. கேபிள ஒரு தடவ சட்டுன்னு மடிச்சா அந்த குழாய் நசுங்கி உள்கம்பி விட்டுடும், வெளிய பாத்தா தோல்ல ஒரு கீறல் கூட இருக்காது. அதே கேபிள திரும்ப மாட்டுற எண்ணம் இருந்தா ஒரு டீ டம்ளர் சுத்தளவ விட சின்னதா எங்கயும் வளைக்காதீங்க.

இப்ப வேலைக்கு வருவோம். கன்வெர்ட்டிபிள்ல பேட்டரிய கழட்டுறதுக்கு முன்னாடி வரிசையா சிலத செய்யணும், இந்த வரிச ரொம்ப முக்கியம், ஏன்னா கரண்ட் போன பிறகு திரும்பி வந்து செய்ய முடியாது. முதல்ல கூரை. மோட்டார்ல ஓடுற கூரைன்னா முழுசா ஏத்தி பூட்டுங்க, இல்ல முழுசா இறக்கி வைங்க, நடுவுல நிறுத்திட்டு அதுக்கு கீழ கைய விடாதீங்க, பல வண்டில ஹைட்ராலிக் அழுத்தம் தான் அத தாங்கி நிக்குது, அழுத்தம் இறங்குனா கூரையும் இறங்கும், அந்த இரும்பு கைகளுக்கு நடுவுல விரல் மாட்டுனா யோசிக்கவே வேணாம். பின் ஜன்னல் பிளாஸ்டிக்கா இருந்தா குளிர்ல மடக்காதீங்க, விரிசல் விடும். அடுத்தது ஜன்னல் கண்ணாடி. கொஞ்சம் புது மாடல் கன்வெர்ட்டிபிள்ல கதவ திறக்கும்போது கண்ணாடி ஒரு விரல் அளவு தானா இறங்கும், மூடினதும் ஏறி ரப்பருக்குள்ள உக்காரும். பேட்டரி இல்லன்னா அது இறங்காது, நீங்க கதவ திறந்து மூடும்போது கண்ணாடி ரப்பர்ல போய் இடிக்கும். அதனால ரெண்டு கண்ணாடியையும் பாதிக்கு மேல இறக்கி விட்டுடுங்க.

டிக்கி மின்சாரத்துல திறக்குற வகைன்னா திறந்தே வைங்க, மூடி வெச்சு பேட்டரிய கழட்டிட்டு அப்புறம் திண்டாடாதீங்க, பேட்டரியே டிக்கிக்குள்ள இருக்குற வண்டில இது இன்னும் பெரிய தலவலி. மோட்டார் ஆன்டெனாவா இருந்தா ரேடியோவ அணைச்சு கம்பி முழுசா கீழ இறங்கட்டும். பழைய ரேடியோ சிலதுல திருட்டுக்கு பயந்து ரகசிய எண் வெச்சிருப்பாங்க, கரண்ட் போய் வந்தா அந்த எண்ண கேக்கும், எண் கையில இருக்கான்னு இப்பவே தேடி பாத்துக்கோங்க.

அதுக்கப்புறம் சாவிய எடுத்துட்டு பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினல கழட்டுங்க, கழட்டின வயர் திரும்ப தொடாத மாதிரி ஒரு துணிய சுத்தி ஒதுக்கி வைங்க. உடனே கைய உள்ள விடாதீங்க. ஏர்பேக் யூனிட்டுக்குள்ள கரண்ட் கொஞ்ச நேரம் தேங்கி நிக்கும், எத்தன நிமிஷம்னு உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கும், நான் எந்த வண்டின்னாலும் குறைஞ்சது பத்து நிமிஷம் விட்டுடுவேன். மஞ்ச கலர் கனெக்டர் எங்க பாத்தாலும் அது ஏர்பேக் இல்லன்னா மோதும்போது சீட் பெல்ட்ட இறுக்குற இழுப்பானோடதுன்னு எடுத்துக்கோங்க, கேபிள் அதுக்கு பக்கத்துல போனா கூட அந்த கனெக்டர மீட்டர் வெச்சு சோதிக்கவே கூடாது. வண்டி கவுந்தா தலைய காப்பாத்த தானா மேல எழும்புற இரும்பு வளைவு, அதாவது ரோல் பார், வெச்ச வண்டிகளும் உண்டு, 1989ல வந்த மெர்சிடிஸ் ஆர்129 அந்த வகை, அந்த மாதிரி வண்டில சீட்டுக்கு பின்னாடி இருக்குற அமைப்ப நோண்டவே வேணாம், கேபிள் அதுக்குள்ள புகுந்து போகுதுன்னு தெரிஞ்சா அந்த வண்டிய நல்லா தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட விட்டுடுங்க.

ரேடியோ கழட்டுறது சுலபம். 180க்கு 50 மில்லிமீட்டர் முகப்பு இருக்குற பழைய அளவு செட்டுன்னா முன்னாடி ரெண்டு பக்கமும் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதுக்குன்னு இருக்குற யூ வடிவ கம்பி சாவிய க்ளிக்னு உள்ள தள்ளி, வெளிப்பக்கமா லேசா விரிச்சு இழுத்தா செட்டு வழுக்கிட்டு வரும். ஓட்டை இல்லன்னா சுத்தி இருக்குற அலங்கார பிளாஸ்டிக்க கழட்டினா ஸ்க்ரூ தெரியும். முழுசா இழுத்துடாதீங்க, பின்னாடி வயர் நீளம் கொஞ்சம் தான். ஆன்டெனா பிளக் தனியா தெரியும், தடியான கறுப்பு கேபிள், முனையில விரல் நீளத்துக்கு வெள்ளி கலர் உருளை, நடுவுல ஊசி. அந்த உலோகத்த புடிச்சு லேசா திருகிக்கிட்டே நேரா வெளிய இழுங்க, கேபிள புடிச்சு இழுக்கவே கூடாது. புது வண்டின்னா சதுரமான பிளாஸ்டிக் மூக்கு வெச்ச ஃபாக்ரா கனெக்டர் இருக்கும், அதுல நாக்க அமுக்கினா தான் விடும். கலர பாத்துக்கோங்க, கறுப்பும் வெள்ளையும் ரேடியோவுக்கு, வெள்ளையில ஆம்ப்ளிஃபயருக்கு கரண்டும் அதே கேபிள்ல போகும், நீலம்னா அது ஜிபிஎஸ், அத தப்பா கழட்டிடாதீங்க.

இப்ப தான் உண்மையான வேலை, வழி கண்டுபிடிக்கிறது. டார்ச் எடுத்துக்கிட்டு ரேடியோ இருந்த பொந்துக்குள்ள பாருங்க, கேபிள் இடது பக்கம் போகுதா வலது பக்கமா, நேரா கீழ இறங்குதா. கூட ஒருத்தர் இருந்தா ரொம்ப நல்லது. நீங்க ரேடியோ பக்கம் கேபிள ரெண்டு விரலால புடிச்சு லேசா சுண்டி சுண்டி விடுங்க, இழுக்க வேணாம், சுண்டுங்க, அவர் கால் வைக்கிற இடத்துல கார்பெட் மேல உள்ளங்கைய வெச்சு எங்க துடிக்குதுன்னு பாக்கட்டும். துடிப்பு எங்க நிக்குதோ அங்க ஒரு கிளிப் இருக்கு, இல்ல வயரிங் கட்டோட சேத்து டேப் சுத்தியிருக்காங்க, இல்ல இன்னொரு கனெக்டர் இருக்கு. இந்த கடைசி விஷயம் பலருக்கு தெரியாது, நிறைய வண்டில கேபிள் ஒரே துண்டு கிடையாது, டேஷ்போர்டுக்கு கீழயோ சீட்டுக்கு பின்னாடியோ ஒரு இணைப்பு இருக்கும், அத கண்டுபிடிச்சுட்டா கெட்டுப் போன துண்ட மட்டும் மாத்தலாம், பாதி வண்டிய பிரிக்க வேண்டிய அவசியமே இருக்காது. அதனால பின்னாடி இருந்து ஆரம்பிக்காம முன்னாடி இருந்தும் பின்னாடி இருந்தும் ஒரு சுத்து கண்ணால பாத்துட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவர கையில எடுங்க.

கதவு படிக்கட்டு மேல இருக்குற பிளாஸ்டிக் பட்டை பெரும்பாலும் கிளிப்புல தான் நிக்கும், சிலதுல ஸ்க்ரூவும் உண்டு, ஸ்க்ரூ இருக்கான்னு தடவி பாத்துட்டு தான் நெம்பணும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால நெம்புனா பெயிண்ட் போகும், பிளாஸ்டிக் நெம்புகோல் இல்லன்னா மர ஸ்பூன் முனையில துணி சுத்தி வெச்சுக்கலாம். கிளிப் எங்க இருக்கோ அதுக்கு பக்கத்துலயே நெம்புங்க, தள்ளி நெம்புனா பட்டை வளைஞ்சு உடையும். குளிர்ல பழைய பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி, வெயில்லயோ சூடான இடத்துலயோ வண்டிய கொஞ்ச நேரம் விட்டுட்டு செய்ங்க. கார்பெட்ட தூக்கினதும் அடியில ஈரமா இருக்கான்னு கைய வெச்சு பாருங்க. கன்வெர்ட்டிபிள்ல இது ரொம்ப சகஜம், மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில இருக்குற ஸ்பாஞ்சு தண்ணிய குடிச்சுட்டு உக்காந்திருக்கும், தகரம் மெதுவா துருப்பிடிக்கும். ஈரம் இருந்தா ஆன்டெனா கேபிள் விஷயத்த ஒரு பக்கம் வெச்சுட்டு தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல பாருங்கன்னு சொல்லுவேன், ஏன்னா அது தான் வண்டிய தின்னுற விஷயம்.

தண்ணி வர்ற இடம் பெரும்பாலும் சீட்டுக்கு பின்னாடி ரெண்டு மூலையிலயும் இருக்கு. கூரைத் துணி மேல விழுற மழை தண்ணி ஓரமா ஒரு ரப்பர் வாய்க்கால்ல சேந்து, ஒரு குழாய் வழியா வண்டிக்கு அடியில இறங்கும். ஆன்டெனா கேபிள் பல வண்டில இந்த குழாய ஒட்டியே போகுது. கேபிள விடுவிக்கிறேன்னு அந்த குழாய இழுத்து கழட்டி விட்டீங்கன்னா அடுத்த மழைக்கு தண்ணி முழுக்க வண்டிக்குள்ள தான். குழாய் இருக்குற இடத்துல கைய விடும்போது ஒரு கை குழாய புடிச்சுக்கட்டும், இன்னொரு கை கேபிள எடுக்கட்டும்.

வயரிங் கட்டோட சேத்து டேப் சுத்தியிருந்தா பிளேட உள்ள விடாதீங்க. டேப்போட முனைய நகத்தால தேடி எடுத்து சுத்தி சுத்தி பிரிங்க, பசை காஞ்சு போயிருந்தா ஹேர் டிரையர் சூடு காட்டினா இளகும். நாலு விரல் இடைவெளி பிரிச்சா கேபிள் வெளிய வந்துடும், மத்த வயர அப்படியே புது டேப் போட்டு கட்டிடுங்க. கட்டு முழுக்க உள்ளயே பின்னி போகுதுன்னா பழைய கேபிள எடுக்கவே எடுக்காதீங்க, ரெண்டு முனையையும் இன்சுலேஷன் டேப் சுத்தி அங்கயே படுக்க விட்டுட்டு புதுச பக்கத்துல ஓட்டுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. ஒரு செத்த கேபிளுக்காக உயிரோட இருக்குற அம்பது வயர ஆபத்துல தள்ள வேணாம்.

சீட்டுக்கு பின்னாடி தகர சுவத்துல கேபிள் நுழையுற ஓட்டையில ஒரு ரப்பர் குரோமெட் இருக்கும், ஓட்டை விளிம்பு கேபிள வெட்டாம இருக்க போடுற வளையம் அது. வருஷக்கணக்கா உக்காந்து கேபிளோட ஒட்டிப் போயிருக்கும். கேபிள இழுத்து குரோமெட்ட கழட்டாதீங்க, குரோமெட்டோட உதட்ட மழுங்கின பிளாஸ்டிக்கால உள்பக்கமா மடக்கி குரோமெட்டையே தனியா தள்ளுங்க. சோப்பு தண்ணி ரெண்டு சொட்டு விட்டா வழுக்கும், கிரீஸ் வேணாம், பெட்ரோலிய கிரீஸ் ரப்பர உப்ப வெச்சு கெடுத்துடும்.

இப்ப டிக்கிக்கு போவோம். மட்கார்டு பக்கம் இருக்குற அட்டை இல்ல துணி உறைய கழட்டினா ஆன்டெனாவோட அடிப்பக்கம் தெரியும். பேட்டரி அந்த பக்கமே இருந்து இடைஞ்சலா இருந்தா அதையும் வெளிய எடுத்துடுங்க, டிக்கிக்குள்ள இருக்குற பேட்டரில வாயு வெளிய போக ஒரு சின்ன குழாய் இருக்கும், அத எங்க மாட்டியிருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கோங்க, திரும்ப மாட்ட மறந்துடாதீங்க. ஆன்டெனா அடியில ஒரு பட்டையும் போல்ட்டும் பாடியோட புடிச்சிருக்கும், மோட்டார் வகைன்னா கூடவே ஒரு பவர் கனெக்டரும் தண்ணி வடியுற ஒரு ரப்பர் குழாயும் இருக்கும், அந்த குழாய் தரை ஓட்டை வழியா வெளிய போகும். அடி போல்ட்ட முதல்ல முழுசா கழட்டாம தளர்த்தி மட்டும் விடுங்க, இல்லன்னா மேல நட்ட திருகும்போது மொத்த யூனிட்டும் சேந்து சுத்தி கேபிள முறுக்கிடும்.

மேல இருக்குற நட்டு சாதாரண ஸ்பேனருக்கு மாட்டாது, ரெண்டு பக்கமும் சின்ன வெட்டு மட்டும் இருக்கும். அதுக்குன்னு தனி சாவி கிடைக்கும், இல்லன்னா நோஸ் பிளையர விரிச்சு ரெண்டு முனையையும் அந்த வெட்டுல உக்கார வெச்சு திருகலாம். ஆனா அதுக்கு முன்னாடி நட்ட சுத்தி பெயிண்ட் மேல மாஸ்கிங் டேப் ரெண்டு மூணு அடுக்கு ஒட்டிடுங்க, பிளையர் ஒரு தடவ வழுக்கினா போதும் மட்கார்டுல ஒரு கோடு விழுந்துடும். துரு பிடிச்சு அசையலன்னா துரு இளக்குற ஆயில் ஒரு சொட்டு விட்டுட்டு வேற வேலைய பாருங்க, அரை மணி நேரம் கழிச்சு ஒரு நூல் அளவு இறுக்கி அப்புறம் தளர்த்தி பாருங்க, பெரும்பாலும் விட்டுடும். நட்டு, அதுக்கு கீழ சாய்வா இருக்குற பிளாஸ்டிக் வளையம், ரப்பர், எல்லாத்தையும் கழட்டின வரிசையிலயே ஒரு துணி மேல அடுக்கி வைங்க, அந்த சாய்வு வளையம் எந்த பக்கம் பாத்து இருந்துச்சுன்னு போட்டோ எடுங்க.

ரெண்டு முனையும் விட்டாச்சு, நடுவுல எல்லா கிளிப்பும் விட்டாச்சு, இப்ப தான் கயிறு. கேபிளுக்கு ஒன்றரை மடங்கு நீளத்துக்கு வழுவழுப்பான நைலான் கயிறு எடுத்து ரேடியோ பக்கத்து முனையில கட்டுங்க. முடிச்சு பெரிசா போட்டா எல்லா ஓட்டையிலயும் மாட்டும், அதனால கயிற கேபிளோட ஒரு சாண் நீளத்துக்கு சேத்து படுக்க வெச்சு, இன்சுலேஷன் டேப்ப கேபிள் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு பிளக் மேலயும் தாண்டி கயிறு வரைக்கும் சாய்வா இறுக்கி சுத்துங்க, முனை கேரட் மாதிரி கூம்பா, மேடு பள்ளம் இல்லாம இருக்கணும். பிளக்கோட உலோக விளிம்பு டேப்புக்கு வெளிய தெரியக்கூடாது, அந்த விளிம்பு தான் எனக்கு சீட் பெல்ட் பட்டையில மாட்டுனது. கயிறோட மறு முனைய டேஷ்போர்டுல எதுலயாவது கட்டிடுங்க, இல்லன்னா கயிறும் சேந்து உள்ள போயிடும்.

எந்த பக்கம் இழுக்குறது? ஆன்டெனாவோட அடிப்பாகத்துல கேபிள் நிரந்தரமா பதிஞ்சிருந்தா டிக்கி பக்கம் தான் இழுக்கணும், வேற வழியில்ல. ரெண்டு முனையும் கழலும்னா எந்த முனை ஒல்லியோ அது உள்ள ஓடி வர்ற மாதிரி இழுங்க, கயிறும் அந்த முனையில தான் இருக்கணும். ஒருத்தர் முன்னாடி உக்காந்து கேபிள உள்ள ஊட்டி விடணும், இன்னொருத்தர் பின்னாடி நின்னு வாங்கணும், ஒரு சாண், நிறுத்து, இன்னொரு சாண், நிறுத்து. கிணத்துல வாளி இழுக்குற மாதிரி கைய மாத்தி மாத்தி, ஆனா பலம் இல்லாம. மாட்டுனா இழுக்குறவர் கைய எடுத்துடணும், ஊட்டுறவர் ரெண்டு விரல் அளவு பின்னாடி இழுத்து கேபிள கால் திருப்பு திருகி திரும்ப விடணும், பத்துக்கு எட்டு தடவ அதுலயே போயிடும். போகலன்னா அங்க நீங்க பாக்காத கிளிப் ஒண்ணு இருக்கு, போய் அந்த பேனல கழட்டி பாருங்க. உள்ள சுவருக்கு பின்னாடி நடக்குறது கண்ணுக்கு தெரியாது, கைக்கு தான் தெரியும், ரப்பர் மாதிரி இழுபட்டு திரும்புனா அது டேப்புல ஒட்டிருக்கு, டக்குன்னு கல்லு மாதிரி நின்னா அது உலோகத்துல மாட்டிருக்கு.

கேபிள் வெளிய வந்ததும் கயிற அவுத்து ரெண்டு முனையையும் அங்கயே கட்டி வைங்க, புது கேபிள் இன்னைக்கு இல்லன்னாலும் எப்பயாவது வேணும்னா அந்த கயிறு இருந்தா பத்து நிமிஷ வேலை. வந்த கேபிள கையில வெச்சு முழுக்க தடவி பாருங்க, எங்க நசுங்கியிருக்கு, எங்க தோல் உரசி செம்பு பச்சையா தெரியுதுன்னு பாத்தீங்கன்னா புதுச எந்த இடத்துல ஜாக்கிரதையா ஓட்டணும்னு அதுவே சொல்லிடும்.

புது ஆன்டெனா உடனே போடலன்னா மட்கார்டு ஓட்டைய ஒரு நாள் கூட சும்மா விடாதீங்க. ஓட்டை விளிம்புல துருவ உப்புத்தாளால தேச்சு, பிரைமர் தடவி, காஞ்சதும் அளவான ரப்பர் அடைப்பான் போடுங்க. புது ஆன்டெனா போடுறீங்கன்னா அடிப்பட்டை தகரத்தோட ஒட்டுற இடத்துல மட்டும் பெயிண்ட் இல்லாம பளபளன்னு இருக்கணும், எர்த் அங்க தான் கிடைக்குது, இறுக்கின பிறகு மேல கொஞ்சம் மெழுகு இல்ல துரு தடுப்பு ஸ்பிரே அடிங்க. வடிகுழாய தரை ஓட்டையில திரும்ப மாட்டிட்டு ஒரு செம்பு தண்ணிய ஆன்டெனா அடியில மெதுவா ஊத்தி, வண்டிக்கு கீழ சொட்டுதா இல்ல டிக்கிக்குள்ள சொட்டுதான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

எல்லா மஞ்ச கனெக்டரும் க்ளிக்னு உக்காந்திருக்கான்னு பாத்துட்டு, வண்டிக்குள்ள யாரும் இல்லாதப்போ நெகட்டிவ் டெர்மினல கடைசியா மாட்டுங்க. ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையணும், அணையாம நின்னா எங்கயோ ஒரு கனெக்டர் விட்டிருக்கு, திரும்ப பேட்டரிய கழட்டி, காத்திருந்து, தேடுங்க. கண்ணாடி ஒரே தொடுதல்ல ஏறலன்னா பயப்படாதீங்க, பல வண்டில முழுசா ஏத்தி பட்டன சில நொடி புடிச்சுக்கிட்டே இருந்தா பழையபடி கத்துக்கும். பேனல் எதையும் மூடாம எஞ்சின ஓட விட்டு ஏஎம்ல பலவீனமான ஒரு ஸ்டேஷன பிடிச்சு பாருங்க, எஃப்எம் எப்படி இருந்தாலும் வந்துடும், ஏஎம் வந்தா தான் கேபிளும் எர்த்தும் சரியா இருக்குன்னு அர்த்தம். கடைசியா கூரைய ஒரு முழு சுத்து, மெதுவா, இறக்கி ஏத்துங்க, ஒருத்தர் பின்னாடி மூலையில டார்ச்சோட நின்னு மடங்குற இரும்பு கைகள் கேபிள தொடுதான்னு பாக்கட்டும், தொட்டுச்சுன்னா ஒரு கிளிப் போட்டு ஒதுக்கிட்டு, அப்புறமா கார்பெட்ட விரிச்சு படிக்கட்டு பட்டைய அமுக்கி மூடுங்க.